தழையா, கிழங்கா?

டிசம்பர் கடைசியில் லக்னோவிலும் கான்பூரிலும் மூடுபனி இறங்கினால் ரயில் தாமதம்தான் பெரிய செய்தி. வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி உருளைக்கிழங்கு போட்டவர்களுக்கு அதே பனி வேறு சங்கதி. இரண்டு மூன்று நாள் சூரியன் தலைகாட்டாமல், மத்தியானம் வரை இலைகளில் ஈரம் காயாமல் இருந்தால் போதும். அடுத்த சில நாட்களில் இலை நுனியிலும் ஓரத்திலும் வெந்நீர் பட்டதுபோல் வெளிறிய திட்டுக்கள் தோன்றும். பிறகு பழுப்பாகும், கறுக்கும். காலை வேளையில் இலையைத் திருப்பிப் பார்த்தால் திட்டின் விளிம்பைச் சுற்றி மாவு தூவியது போல வெள்ளைப் படலம். கவனிக்காமல் விட்டால் ஒரே வாரத்தில் பாத்தி முழுவதும் தீ பட்டதுபோல் கிடக்கும். பக்கத்தில் போனால் அழுகல் நாற்றம் அடிக்கும்.

இந்தி வட்டாரத்தில் இதை 'பச்சேத்தி ஜுல்ஸா' என்கிறார்கள். விவசாயத் துறையின் தமிழில் பின்பருவ இலைக்கருகல். பெயரில்தான் பின்பருவம், வானிலை ஒத்துழைத்தால் செடி சிறிதாக இருக்கும்போதே வந்து உட்கார்ந்துவிடும். காரணம், ஃபைட்டாப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ் என்ற நுண்ணுயிர். பார்வைக்குப் பூஞ்சை மாதிரி இருந்தாலும் வம்சாவளியில் அது கடலில் வளரும் பழுப்புப் பாசிகளுக்கே அதிக நெருக்கம். பூஞ்சைகளுக்கு என்று விற்கப்படும் சில மருந்துகள் இதனிடம் எடுபடாததற்கு அதுவே காரணம். 1845ல் அயர்லாந்தில் புகுந்து, அடுத்த சில ஆண்டுகளில் பத்து லட்சம் பேர் பட்டினியாலும் காய்ச்சலாலும் சாகவும், ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் மக்கள் கப்பலேறவும் வைத்தது இதுதான். இந்தியாவில் இது முதலில் தென்பட்டதாகப் பதிவானது நீலகிரியில், 1870களில். 1883ல் டார்ஜீலிங் மலையில் பார்த்தார்கள். இன்று கங்கைச் சமவெளி முழுவதும் இதற்குப் பழக்கப்பட்ட இடம்.

ஆக்ராவிலோ ஃபரூக்காபாத்திலோ ஏக்கர் கணக்கில் பயிரிடுகிறவருக்கு ஸ்பிரேயர் இருக்கிறது, குளிர்பதனக் கிடங்கு இருக்கிறது. சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் வெப்பநிலை, ஈரப்பதக் கணக்குகளை வைத்து உருவாக்கிய 'ஜுல்ஸாகாஸ்ட்' போன்ற முன்னறிவிப்பு முறைகள் அவரை மனதில் வைத்தே செய்யப்பட்டவை. வீட்டுக்காகப் போடுகிறவர்கள் இந்த ஏற்பாடுகளுக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களிலும் இரண்டு ரகம் உண்டு. டெல்லியில் அரசாங்கக் குவார்ட்டர்ஸின் பின்புறத்திலோ மொட்டை மாடிச் சாக்குகளிலோ வளர்க்கும் குடும்பத்துக்குப் பத்து கிலோ போனால் மனக்கஷ்டம் மட்டும்தான், மண்டியில் வாங்கிக்கொள்ளலாம். குமாவோன் மலைச்சரிவிலோ ஷில்லாங்கைச் சுற்றிய கிராமங்களிலோ வீட்டை ஒட்டிய துண்டு நிலத்தில் போடும் குடும்பத்துக்கு அந்த அறுவடைதான் சாப்பாடு, அதிலிருந்து எடுத்து வைப்பதுதான் அடுத்த வருஷ விதை. அங்கே நோய் வருவது பனிக்காலத்தில் அல்ல, ஜூலை மாத மழையில். வேளை வேறானாலும் விதி ஒன்றே.

இந்த நோயில் பலருக்கும் புரியாத விஷயம், அது கிழங்குக்கு எப்படிப் போகிறது என்பது. தண்டு வழியாக உள்ளே இறங்கி வருகிறது என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. இலையின் அடியில் வெள்ளையாகத் தெரிகிறதே, அது லட்சக்கணக்கான வித்துக்கள். பனியோ மழையோ அவற்றைக் கழுவி மண்ணில் இறக்குகிறது. மண்ணின் வெடிப்புகள் வழியாக அவை நீரோடு ஊறிப் போய், மேலாகக் கிடக்கும் கிழங்கின் கண்ணிலோ கீறலிலோ நுழைகின்றன. அதாவது தழையில் நோய் பச்சையாக உயிரோடு இருக்கும் ஒவ்வொரு நாளும் கிழங்குக்கு ஆபத்து கூடுகிறது. தழை கருகித் தானாகச் சாகட்டும் என்று காத்திருப்பவர், அந்த வித்துக்கள் முழுவதும் கீழே இறங்கும் வரை காத்திருக்கிறார் என்று அர்த்தம்.

எனவே வைத்தியம் அரிவாள்தான். தழையைத் தரையோடு தரையாக அறுத்து, அள்ளி, தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் ஆழப் புதைத்துவிட வேண்டும். சொல்வது சுலபம். பாதிச் செடி இன்னும் பச்சையாக நிற்கும்போது அறுக்க யாருக்கும் மனசு வராது. கிழங்கு பருப்பதே கடைசி வாரங்களில்தான். இன்னும் பத்து நாள் விட்டால் எலுமிச்சை அளவு இருப்பது ஆரஞ்சு அளவாகும் என்ற ஆசை நியாயமானதுதான். விளைந்ததைக் காப்பாற்றுவதா, விளையப்போவதற்குக் காத்திருப்பதா என்ற கேள்வியில் வீட்டுத் தோட்டக்காரர்கள் அநேகமாக இரண்டாவதையே தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு இரண்டையும் இழக்கிறார்கள்.

எப்போது அறுப்பது? மருந்து அடித்துவரும் வயல்களுக்கு, தழையில் ஏறத்தாழ முக்கால் பங்கு பாதிக்கப்பட்டதும் அறுத்துவிடும்படி சிபாரிசு செய்வது வழக்கம். மருந்தே அடிக்காத நாலு பாத்திக்கு அத்தனை பொறுமை கூடாது. செடி நட்டு அறுபது எழுபது நாள் தாண்டியிருந்து, கால்வாசித் தழையில் திட்டுக்கள் வந்து, வானமும் மூடியே இருந்தால் அன்றைக்கே அறுப்பது புத்திசாலித்தனம். கிழங்கு சிறுத்திருக்கும், அவ்வளவுதான். தோலோடு வேகவைத்து வதக்குவதற்குச் சின்னக் கிழங்கைத் தேடி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். செடி இளசாக இருந்து, ஒன்றிரண்டு செடிகளில் மட்டும் திட்டு தெரிந்தால் அவற்றை மட்டும் வேரோடு எடுத்து ஒரு பையில் போட்டுக் கட்டிவிட்டு, மற்றவற்றுக்கு மருந்து அடித்துப் பார்க்கலாம். நீர் பாய்ச்சுவதை உடனே நிறுத்த வேண்டும். பூவாளியால் இலைமேல் தண்ணீர் ஊற்றும் பழக்கம் இருந்தால் அது நோய்க்கு விருந்து வைப்பதற்குச் சமம்.

தன் தோட்டம், தன் நஷ்டம் என்று இதில் சொல்லிவிட முடியாது. வித்துக்கள் காற்றிலும் மழைச்சாரலிலும் பயணம் செய்கின்றன. வெயில் காய்ந்தால் சில மணி நேரத்தில் செத்துவிடும். மேகமூட்டம் இருந்தால் தப்பிப் பிழைத்து அடுத்த வயலில் இறங்கும். மாடியில் மூன்று சாக்குகளில் கருகிய செடியை, போனால் போகட்டும் என்று விட்டுவைப்பவருக்கு நஷ்டம் மூன்று கிலோ. ஊர் எல்லையில் கடன் வாங்கிப் பயிர் போட்டவருக்கு அதே வித்து வேறு கணக்கு. தக்காளியையும் இதே கிருமி தாக்கும் என்பதால், உருளைக்கு அடுத்த பாத்தியில் தக்காளி வைத்திருப்பவர் அடுத்த வீடு வரைகூடப் போக வேண்டாம்.

மருந்து விஷயத்தில் ஒரு தெளிவு வேண்டும். கடையில் எளிதாகக் கிடைக்கும் மாங்கோசெப்போ, தாமிரம் கலந்த மருந்துகளோ நோயைத் தடுப்பவை, குணப்படுத்துபவை அல்ல. இலைமேல் மெல்லிய பூச்சாகப் படிந்து, வந்து விழும் வித்தை முளைக்காமல் செய்யும். ஏற்கெனவே உள்ளே புகுந்துவிட்டதை ஒன்றும் செய்யாது. திட்டு தெரிந்த பிறகு அடித்துவிட்டு 'மருந்து கேட்கவில்லை' என்று புலம்புவதில் பயனில்லை. பனி வருமுன் அடித்திருக்க வேண்டும். உள்ளே ஊடுருவிக் கொல்லும் என்று பெரிய பெயரோடு வந்த மெட்டலாக்சிலுக்குச் சில ஆண்டுகளிலேயே கிருமி பழகிக்கொண்டது. வேப்பெண்ணெய் அசுவினிக்கு நல்லதுதான். இதற்கும் கேட்கும் என்று நம்பி ஒரு வாரத்தை விட்டுவிட்டால் பிறகு அறுப்பதற்கும் ஒன்றும் மிஞ்சாது.

வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடியது போர்டோ கலவை. இதற்கொரு கதை உண்டு. பிரான்சில் போர்டோ பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர்கள், வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காமல் இருக்க, சாலையோரக் கொடிகளின் மேல் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்துவைப்பார்களாம். பார்க்க விஷம் போல் நீலமாக இருக்கும். அந்தக் கொடிகளில் மட்டும் நோய் இல்லாததைக் கவனித்தவர் மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர். 1885ல் அவர் அதை முறையாக வெளியிட்டார். திருடனுக்கு வைத்த மருந்து திராட்சையைக் காப்பாற்றி, பிறகு உருளைக்கிழங்குக்கும் வந்து சேர்ந்தது. அயர்லாந்தில் பஞ்சம் நடந்து நாற்பது வருஷம் கழித்து!

ஐந்து லிட்டர் கலவைக்கு ஐம்பது கிராம் மயில்துத்தம், ஐம்பது கிராம் கல் சுண்ணாம்பு. மயில்துத்தத்தைப் பொடித்துப் பாதித் தண்ணீரில் கரைக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளி அல்லது மண்பானையில். இரும்பு வாளியும் தகர வாளியும் கூடவே கூடாது. சுண்ணாம்பை இன்னொரு பாத்திரத்தில் நீற்றி, மீதித் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்ட வேண்டும். பிறகு மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். வானத்து நீலத்தில் ஒரு கலவை வரும். துருவில்லாத இரும்புக் கத்தியை அதில் கொஞ்ச நேரம் நனைத்து எடுத்துப் பார்ப்பது பழைய பரிட்சை. கத்தியில் செந்நிறமாகத் தாமிரம் படிந்தால் இலை பொசுங்கும். இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கலந்த அன்றே அடித்துவிட வேண்டும், நாளைக்கு வைத்தால் வீரியம் போய்விடும். இலையின் அடிப்புறமும் நனைய வேண்டும். கையுறை போட்டுக்கொள்வது நல்லது. வருஷா வருஷம் ஒரே பாத்தியில் அடித்துக்கொண்டே இருந்தால் தாமிரம் மண்ணில் தங்கி மண்புழுவைப் பாதிக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தழையை அறுத்தாகிவிட்டது. உடனே மண்வெட்டியை எடுப்பது அடுத்த தவறு. அப்போது மேல்மண்ணில் உயிருள்ள வித்துக்கள் ஏராளம். கிழங்கின் தோலும் விரல் பட்டாலே உரியும். தோண்டும்போதே நோயைப் பூசிவிட்ட மாதிரி ஆகும். பத்து முதல் பதினைந்து நாள் மண்ணுக்குள்ளேயே விட வேண்டும். அதற்குள் வித்துக்களில் பெரும்பகுதி செத்துப்போகும், தோலும் முற்றும். வெளியே தெரியும் கிழங்கின்மேல் மட்டும் மண்ணை அணைத்துவிடலாம். பிறகு நல்ல வெயில் அடிக்கும் ஒரு நாளில், மண் உதிரும் பதத்தில் தோண்ட வேண்டும். தோண்டியதைக் கழுவக் கூடாது. கழுவி வைத்தால் பளிச்சென்று இருக்கும், பத்து நாளில் நாறும். வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் ஒரே அடுக்காகப் பரப்பி, மேலே வைக்கோலோ சாக்கோ போட்டு இரண்டு வாரம் ஆறவிட்டால் மண்வெட்டிக் காயங்கள் தாமாகவே தோல் மூடிக்கொள்ளும். ஒளிந்திருந்த நோயும் அதற்குள் வெளியே வந்துவிடும்.

பொறுக்கும் வேலை அப்போதுதான். கருகல் நோய் தாக்கிய கிழங்கின் தோலில் சற்றே உள்வாங்கிய, ஊதா கலந்த பழுப்புத் திட்டு இருக்கும். கீறிப் பார்த்தால் உள்ளே துருப்பிடித்தது போன்ற நிறம், உலர்ந்து பொரபொரவென்று. அதில் நாற்றம் இராது. நாற்றமும் கொழகொழப்பும் இருந்தால் பின்னாலேயே பாக்டீரியாவும் நுழைந்துவிட்டது என்று பொருள். அதைத் தூக்கி எறிய வேண்டியதுதான். திட்டு மட்டும் உள்ள கிழங்கைத் தாராளமாக வெட்டிக் கழித்துவிட்டு மீதியை அன்றே சமைக்கலாம். இந்தக் கிருமி செடிக்குத்தான் எமன், மனிதரை ஒன்றும் செய்யாது. வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கு அப்படியல்ல. அதில் சோலனைன் என்ற நச்சு கூடியிருக்கும், வேகவைத்தாலும் போகாது. நோய்க் கிழங்குக்கு அலறுகிறவர்கள் பச்சைக் கிழங்கைச் சாம்பாரில் போடுவதுதான் வேடிக்கை.

கூடையில் வேறு சில முகங்களும் தென்படும். தோல் முழுக்கச் சொரசொரப்பாகத் தேமல் மாதிரி இருப்பது சொறிநோய். தோலோடு நின்றுவிடும், சீவினால் உள்ளே வெள்ளை வெளேரென்று இருக்கும். பாத்திக்கு அடுப்புச் சாம்பலையும் சுண்ணாம்பையும் அள்ளிப் போடும் வீடுகளில் இது அதிகம். கார மண்ணும், கிழங்கு பிடிக்கும் சமயத்து வறட்சியும் அதற்குப் பிடித்தமானவை. எத்தனை கழுவினாலும் போகாத கறுப்பு மண் துணுக்கு போல ஒட்டியிருப்பது ரைசோக்டோனியா என்ற பூஞ்சை, சாப்பாட்டுக்குப் பாதகமில்லை.

பயப்பட வேண்டியது இன்னொன்று. செடி பச்சையாக இருக்கும்போதே ஒரு நாள் தலை தொங்கிவிடும். தண்ணீர் ஊற்றினாலும் நிமிராது. அடித்தண்டை ஒரு துண்டு வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீரில் தொங்கவிட்டால் சில நிமிஷங்களில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் மாதிரி இறங்கும். அது பாக்டீரியா வாடல். கிழங்கைக் குறுக்கே நறுக்கினால் பழுப்பு வளையமும் அதில் கசியும் சீழும் தெரியும். அந்தப் பாத்தியில் மூன்று வருஷத்துக்கு உருளை, தக்காளி, கத்தரி, மிளகாய் எதுவும் வைக்கக் கூடாது. சோளமோ பூண்டோ போடலாம். அங்கே பயன்படுத்திய மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த பாத்தியில் வைக்கவும் கூடாது.

மேலே சொன்னவை அநேகமாக எல்லாமே வீட்டுக்குள் நுழைவது ஒரே கதவு வழியாக: விதைக்கிழங்கு. கருகல் கிருமி செத்த தழையில் நெடுநாள் தாங்காது. அதற்கு உயிருள்ள கிழங்கு வேண்டும். சமவெளியின் கோடையை அது கடப்பது குளிர்பதனக் கிடங்கின் மூட்டைகளுக்குள் பத்திரமாகப் படுத்துத்தான். சமையலுக்கு வாங்கிய கிழங்கில் முளை வந்துவிட்டதே என்று அக்டோபரில் சாக்கில் ஊன்றுகிற பழக்கம் அந்த மூட்டையிலிருந்து நேராக நோயை அழைத்துவருகிறது. தோண்டும்போது விட்டுப்போன கிழங்கு அடுத்த பருவத்தில் தானாக முளைத்தால், இலவசச் செடி என்று மகிழாமல் பிடுங்கிவிட வேண்டும்.

சர்க்காரும் இந்தக் கதவைத்தான் காவல் காக்கிறது. 1961ல் நீலகிரியில் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி கண்டுபிடித்த உருளை முட்டைக்கூட்டு நூற்புழு பின்னர் வடக்கு மலைகளிலும் தென்பட, 2018ல் மத்திய அரசு இமாச்சலப் பிரதேசம், உத்தரகண்ட், ஜம்மு காஷ்மீர் ஆகிய இடங்களிலிருந்து விதைக்கிழங்கு வெளியே போவதற்குத் தடை போட்டது. டார்ஜீலிங்கில் 1950களில் தெரிந்த கரணை நோய்க்காக அந்த மலைக்கு வேலி போட்டதும் இப்படித்தான். மலைக்குப் போனவர் ஆசையாக ஒரு பை விதைக்கிழங்கைக் காரில் போட்டுக்கொண்டு இறங்குவது சின்னக் காரியம் போலத் தெரியும்.

நல்ல விதை ஒரு காலத்தில் மலையிலிருந்துதான் வந்தாக வேண்டும் என்ற நிலை இருந்தது. அதை மாற்றியவர் சிம்லா நிலையத்தின் புஷ்கர்நாத். சமவெளியில் குளிர்காலத்தில் சில வாரங்கள் அசுவினிப் பூச்சிகள் மிகக் குறைவு. அவைதான் வைரஸ் நோய்களைச் செடிக்குச் செடி சுமப்பவை. அந்த இடைவெளியில் பயிரை வளர்த்து, பூச்சி பெருகுமுன் ஜனவரி முதல் பாதியிலேயே தழையை அறுத்துவிட்டால் சமவெளியிலும் சுத்தமான விதை கிடைக்கும் என்று 1960களில் காட்டினார். அங்கேயும் காப்பாற்றியது அரிவாள்தான்.

ரகம் மட்டும் காப்பாற்றிவிடாது. 1968ல் வந்த குஃப்ரி ஜோதி, கருகலைத் தாங்கும் என்ற பெருமையோடு வந்தது. கிருமி மாறிக்கொண்டே போய் அந்தப் பெருமையைக் கரைத்துவிட்டது. அதே வருஷத்துக் குஃப்ரி சந்திரமுகி ருசிக்குப் பெயர் போனது, நோய்க்குச் சுலபமான இரை. ஆனால் சீக்கிரம் விளைந்துவிடும் என்பது வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு வசதி. மலைவாசிகளுக்குப் பிற்பாடு வந்த குஃப்ரி கிர்தாரி, குஃப்ரி ஹிமாலினி போன்றவை இப்போதைக்குப் பரவாயில்லை.

விலைக்கு வாங்க வழியில்லாத மலை வீடுகளில் சொந்த விதையைத்தான் வைத்தாக வேண்டும். அவர்கள் அறுவடைக்குப் பிறகு குவியலிலிருந்து பொறுக்குவதைவிட, செடி பச்சையாக நிற்கும்போதே திட்டோ சுருட்டலோ இல்லாத செடிகளின் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வைத்து, அவற்றைத் தனியே தோண்டுவது மேல். கோழிமுட்டை அளவுக் கிழங்குகளாக எடுத்தால் வெட்டி நட வேண்டியதில்லை. கத்தி வழியாகப் பரவும் நோய் மிச்சம். சாப்பாட்டுக் கிழங்குக்கு இருட்டு வேண்டும். விதைக்கோ நேர் வெயில் படாத மங்கலான வெளிச்சம் நல்லது. பச்சையாகிக் குட்டையான, தடித்த முளைகள் விடும். மாதம் ஒரு முறை தட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும். நடுவதற்கு முந்தின நாள் சந்தேகப்பட்டதைக் கட்டைவிரல் நகத்தால் கீறிப் பார்த்து, தோலுக்கு அடியில் துரு நிறம் தெரிந்தால், எத்தனை நல்ல முளை விட்டிருந்தாலும் அது குழிக்குத்தான் போக வேண்டும்.